ரத்தக் கறைக்கு வெந்நீர்

என் ஓரகத்திக்கு நாற்பதுக்கு முப்பத்தெட்டு. எனக்கு நாலு. பொறாமையில் பேசுகிறாள் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், பொறாமையில்தான் பேசுகிறேன். வயிறு பற்றி எரிகிறது.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறோம். நான் பத்தொன்பது வருஷம். அவள் ஒன்பது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த மறு மாதமே, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டேன். படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். எந்தக் கறைக்கு எந்தத் தண்ணீர் என்று கற்றுக்கொடுத்ததும் நான். வீட்டில் எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பெரியவள். இந்தப் பெயர்களுக்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று அப்போதெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எங்கள் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றார். அவருடைய அறையை நீங்கள் பார்க்க வேண்டும். நீராவி வராத ஒரே அறை. கண்ணாடித் தடுப்பு, மின்விசிறி, சுழலும் நாற்காலி. பத்தொன்பது வருஷமாக வேர்வையைத் துடைத்துக்கொண்டே அந்த நாற்காலியை வெளியிலிருந்து பார்த்தவள் நான். அடுத்து எனக்குத்தான் என்று கூடத்தில் இஸ்திரி இயந்திரத்துக்குக்கூடத் தெரியும்.

நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இனிமேல் மேற்பார்வையாளர் ஆக ஞாயிற்றுக்கிழமைக் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பித்தவர்களில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கே பதவி. நான் சேர்ந்தேன். "துணைக்கு நானும் வர்றேங்க்கா" என்று சின்னவளும் சேர்ந்தாள். துணைக்குத்தான் வருகிறாள் என்று நானும் நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தேர்வு என்பது ஒரே ஒரு கட்டுரை. தலைப்பு, 'கறைகளும் அவற்றை நீக்கும் முறைகளும்'. பார்த்ததும் சிரித்துவிட்டேன். உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். எண்ணெய், மை, மருந்து, துரு, ரத்தம் என்று ஒன்று விடாமல் எழுதினேன்.

இரண்டு வாரத்தில் கட்டுரை திரும்பி வந்தது. அம்மை போட்ட முகம் மாதிரி சிவப்பு மை. 'எண்ணெய்க் கறைக்கு வெந்நீர் வேண்டும்' என்பதன் எதிரே, "ஆதாரம்?" 'சோப்பு அதிகமானால் நுரை அதிகமாகும்' என்பதன் எதிரே, "யார் கூறியது?" கடைசியில், 'இக்கட்டுரையை எழுத ஊக்கம் தந்த என் கணவருக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதற்கும், "ஆதாரம்?" கையெழுத்துக்கு இரண்டு, ஓரம் விட்டதற்கு இரண்டு, ஆக நாலு.

சின்னவளின் கட்டுரையில் நாற்பத்தொரு மேற்கோள். முதல் வரி மேற்கோள், கடைசி வரி மேற்கோள். நடுவில் அவளுடையது என்று இருந்தவை 'என்றும்', 'எனவும்', 'மேலும்' ஆகிய மூன்று சொற்கள்தான். கொழுந்தன் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, நான் அண்ணாந்தால் கண்ணில் படுகிற உயரத்தில்.

"சின்னவளுக்கு என்ன மூளை பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியாதது அதுல ஒரு வரி இருக்கா, காட்டுங்க பார்ப்போம்."

"அதான் விஷயமே. அவ படிச்சு எழுதியிருக்கா. நீ வெறுமனே தெரிஞ்சதை எழுதியிருக்க."

அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறு ஞாயிறு முறையீடு செய்யப் போனேன். கல்லூரி வாசலில் உதவியாளர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுரைகளைத் திருத்தும் மேற்கோள் அலுவலகம் எங்கே என்று கேட்டேன். பேசாமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'மேற்கோள் அலுவலகம், முதல் மாடி' என்று இருந்தது. ஏறிப் போனால் அங்கே துடைப்பங்களும் வாளிகளும்தான் இருந்தன. இறங்கி வந்தேன்.

"மாடியில இல்லையேப்பா."

"ஆமாம்மா. ரெண்டு வருஷமா கீழதான் இருக்கு. இதோ, எனக்குப் பின்னாடி இருக்கிற கதவு."

"அதை முதல்லயே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நான் சொன்னா வாய்மொழிம்மா. பலகைதான் ஆவணம். போன மாசம் ஒருத்தருக்கு வாயால வழி சொல்லி மெமோ வாங்கியிருக்கேன். இப்ப நீங்க மேல போய்ப் பார்த்துட்டு வந்துட்டீங்க, அதனால சொல்லலாம்."

மேற்கோள் அலுவலர் மெலிந்த மனிதர். மேஜையில் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவுகோல், மூன்று சிவப்புப் பேனாக்கள். நாலு வரிக்கு மேல் போகும் மேற்கோளை ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி எழுத வேண்டுமாம். அளவுகோல் அதற்கு. என் கட்டுரையை இரண்டு விரலால் பிடித்து எடுத்தார்.

"இதுல மொத்தம் நூத்திப் பன்னெண்டு வாக்கியம். நூத்திப் பன்னெண்டையும் நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"கூசாம ஆமாங்கிறீங்களே."

"பத்தொம்பது வருஷமா துவைக்கிறேன் சார். எனக்குத் தெரியாதா?"

"துவைச்சதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. நீங்க துவைக்கிறதை ஒருத்தர் பார்த்து, அதைப் புத்தகமா எழுதி, அந்தப் புத்தகத்தை நூலகம் வாங்கி, அதுக்கு ஒரு எண் போட்டு அலமாரியில வெச்சா, அது ஆதாரம்."

"அதுக்குள்ள கறை காஞ்சு போயிடுமே சார்."

அவர் பேனாவை எடுத்தார். "இப்ப சொன்னீங்களே, அது எங்கயாவது படிச்சதா?"

"இல்ல சார், நானா சொன்னது."

"தவிர்த்துடுங்க." பேனாவை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். இந்த நாற்காலியில இருபத்தாறு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு வரி சொந்தமா எழுதினதில்ல. அதனாலதான் என்மேல ஒரு புகார் கிடையாது. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட எங்க அண்ணன் பத்திரிகையில இருந்து அப்படியே எடுத்தேன். தேதியைக்கூட மாத்தல."

"தேதியுமா சார்?"

"அடுத்த வருஷம் அதே தேதியில பண்ணிக்கிட்டேன். பொண்ணு பேரு மட்டும்தான் வேற. அதுக்கு அடிக்குறிப்பு போட்டுட்டேன்."

முறையீட்டுப் படிவம் கொடுத்தார். அதில் ஏழாவது இடத்தில், 'இம்முறையீடு பொறாமையால் செய்யப்படவில்லை' என்று அச்சடித்திருந்தது. மனசாட்சி உறுத்தினாலும் கையெழுத்துப் போட்டேன்.

"இதுக்கு ஆதாரம் வேணுமே" என்றார். "நீங்களே சொல்லிக்கிட்டா எப்படி? சம்பந்தப்பட்டவங்க எழுத்துமூலமா தரணும்."

சம்பந்தப்பட்டவள் என்றால் யார்? எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை என்று அவளிடமே போய்க் கடிதம் வாங்க வேண்டும். பாவி மனுஷனே, இதைவிட ஒரு தண்டனையை யோசிக்க உனக்குச் சொந்தமாக மூளை இருந்திருக்குமா? இதையும் எங்கிருந்தோ எடுத்துத்தான் போட்டிருப்பான்.

சின்னவள் மறுப்புச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, 'என் ஓரகத்திக்கு என்மீது எள்ளளவும் பொறாமை இல்லை' என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எல்லாமே அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்துல இருக்குங்க்கா. நூலகத்துல ஒரே பிரதிதான். நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"நாலு மாசமா நீ வெச்சிருந்தா நான் எதைப் பார்த்து எழுதுறது? அதுல என்ன போட்டிருக்குன்னு வாயால சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் சொன்னா வாய்மொழி ஆயிடுமேக்கா, செல்லாது" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். கடிதத்தோடு புத்தகத்தையும் கொடுத்தாள். நாளைக்குத் திருப்பித் தர வேண்டுமாம்.

புத்தகத்தைப் பிரித்தேன். எண்பத்தாறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "கறையைத் தேய்க்கலாகாது, தேய்ப்பின் அது அஞ்சி உட்புகும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கறையைத் தேய்க்காதீங்க, பயந்துக்கிட்டு உள்ள ஓடிரும்' என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்கிற வார்த்தை. அடுத்த பக்கத்தில்: "எண்ணெய்க் கறை உறவினரை ஒத்தது, சூடு காட்டினாலன்றி அகலாது." அதுவும் நான் சொல்வதுதான். என் மாமனார் வீட்டு ஆட்கள் மாதக்கணக்கில் வந்து தங்கியிருந்தபோது சொல்ல ஆரம்பித்தது.

பின் அட்டையைத் திருப்பினேன். ஆசிரியர் படம் இருந்தது. இடது புருவத்தில் ஒரு வெட்டு. ஆளைத் தெரிந்துவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து மூன்று நாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னுடைய முக்காலியில்தான் உட்கார்ந்தார். எனக்கு வந்த தேநீரைத்தான் குடித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்றாம் நாள் நீராவியில் நோட்டு நனைந்து, பாதி எழுத்து கரைந்து ஓடிவிட்டது. திரும்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா, மிச்சத்தை நான் யூகிச்சுக்கிறேன்" என்று போய்விட்டார். அவர்தான் இந்தக் கல்லூரியின் துறைத்தலைவராம்.

அவர் யூகித்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. "ரத்தக் கறைக்குக் கொதிக்கும் வெந்நீரே உகந்தது."

அட கடவுளே. ரத்தத்தில் வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சலவைக் கூடத்தில் முதல் நாள் முதல் பாடம் இது. சின்னவளுக்கு நான் சொன்ன முதல் வார்த்தையும் இதுதான். அவள் கட்டுரையைப் போய்ப் பார்த்தேன். இருபத்தேழாவது மேற்கோள், கொதிக்கும் வெந்நீர், பக்கம் 112. பக்கத்தில் 'மிக நன்று' என்று சிவப்பு மை.

மேற்கோள் சரிபார்ப்புக் குழு என்று ஒன்று கூடி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜை. நடுவில் துறைத்தலைவர், வெள்ளைச் சட்டையில். ஒரு பக்கம் மேற்கோள் அலுவலர், இன்னொரு பக்கம் தீர்மானப் புத்தகம் எழுதும் எழுத்தர். புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சின்னவளையும் வரவழைத்திருந்தார்கள். புதிதாக முடிவெட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? மூணு நாள் வந்தீங்களே. என் முக்காலி" என்று ஆரம்பித்தேன்.

துறைத்தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாபகம் எல்லாம் ஆதாரம் இல்லம்மா. அதுவும் என் ஞாபகத்தை நானே நம்புறதில்ல."

"உங்க புத்தகத்துல இருக்கிறது பூராவும் நான் சொன்னது சார்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேற்கோள் அலுவலரைப் பார்த்து, "குறிச்சுக்குங்க. ஒத்துக்கிட்டாங்க" என்றார். "இவங்க கட்டுரையில நாப்பது வரி என் புத்தகத்துல இருக்கிற விஷயம். ஒரு மேற்கோள் குறி கிடையாது, ஒரு பக்க எண் கிடையாது. இதுக்குப் பேரு திருட்டு."

"என் வீட்டுச் சாமானை நானே எடுத்தா திருட்டா சார்?"

"உங்க வீட்டுச் சாமான்ங்கிறதுக்கு என்ன ரசீது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப அந்த ரத்தக் கறை? நான் பச்சைத் தண்ணின்னு எழுதியிருக்கேன். நீங்க வெந்நீர்னு தப்பா எழுதியிருக்கீங்க. அன்னிக்கு நோட்டு நனைஞ்சு போச்சே."

"பார்த்தீங்களா?" என்று நாற்காலியில் சாய்ந்தார். "புத்தகத்துல இருக்கிறது வெந்நீர். இவங்க சொல்றது பச்சைத் தண்ணி. அப்ப எனக்குச் சொன்னவங்க இவங்களா இருக்க முடியாது. ஒத்துப் போற இடத்துல திருட்டு, ஒத்துப் போகாத இடத்துல தப்பு. ரெண்டுக்கும் நடுவுல இவங்களுக்கு இடமே இல்ல." சின்னவளைப் பார்த்தார். "நீங்க வாசிங்கம்மா."

சின்னவள் எழுந்து நின்று, கணீரென்று வாசித்தாள். "ரத்தக் கறைக்குக் கொதிக்கும் வெந்நீரே உகந்தது. பக்கம் நூத்திப் பன்னெண்டு." என் பக்கம் திரும்பவே இல்லை. பெற்ற பிள்ளை மாதிரி சொல்லிக்கொடுத்தவள் நான்.

துறைத்தலைவர் பெருமையில் என் கட்டுரைக் கட்டின்மேல் ஓங்கித் தட்டினார். அதில் குத்தியிருந்த குண்டூசி அவர் விரலில் ஏறிவிட்டது. "ஸ்ஸ்" என்று கையை உதறியவர், வழிந்த ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு.

பத்தொன்பது வருஷப் பழக்கம், என் வாய் சும்மா இருக்குமா? "சார், உடனே பச்சைத் தண்ணியில அலசுங்க, ஒரு நிமிஷத்துல போயிரும்" என்று எழுந்தேவிட்டேன்.

"உட்காருங்கம்மா" என்றார் மேற்கோள் அலுவலர். "அது விசாரணையில இருக்கிற கருத்து. அதை இங்க பயன்படுத்த முடியாது."

எல்லாரும் துறைத்தலைவரைப் பார்த்தார்கள். துறைத்தலைவர் தன் புத்தகத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு வழியில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். எவ்வளவு சூடு என்று வாசல் உதவியாளர் கேட்டதற்கு, "கொதிக்கும்" என்று புத்தகத்தைப் பார்த்துப் படித்துச் சொன்னார். உதவியாளர் கெண்டியோடு வந்தார். சட்டையைக் கழற்றினால் மரியாதை இல்லை என்று, துணியை மட்டும் நெஞ்சிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றச் சொன்னார். அவர் போட்ட சத்தத்தை எழுத்தர் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவில்லை.

சிவப்பு பழுப்பானது. பழுப்பு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மேற்கோள் அலுவலர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார்.

"போயிடுச்சு சார்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார் துறைத்தலைவர், கண்ணில் தண்ணீரோடு.

எழுத்தர் எழுதினார். 'நூலில் கூறப்பட்ட முறைப்படி வெந்நீர் ஊற்றப்பட்டது. கறை முழுமையாக நீங்கியது.' மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வரியில் எனக்குப் பூஜ்யம் என்று எழுதி அதற்கும் போட்டார்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். அது தண்டனை பெற்றவர்களின் உரிமையாம்.

சின்னவள் மேற்பார்வையாளர் ஆனாள். வீட்டில் எல்லாரும் வாழ்த்தினார்கள். நானும் வாழ்த்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். முதல் நாள் அறுவைசிகிச்சை அறையிலிருந்து ஒரு வண்டி விரிப்பு வந்தது. எல்லாம் ரத்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெந்நீர்க் குழாயைத் திறக்கட்டும், மானம் போகட்டும், கண் குளிரப் பார்க்கலாம் என்று நின்றேன்.

அவள் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, யோசிக்காமல் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள்.

"என்ன, பக்கம் நூத்திப் பன்னெண்டு மறந்து போச்சா?" என்றேன்.

"அது கட்டுரைக்குங்க்கா. இது துணி." தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். "வெந்நீர் ஊத்தினா என்ன ஆகும்னு முத நாளே நீங்க சொல்லலையா?"

அன்றைக்கு எரிந்த மாதிரி என் வயிறு என்றைக்குமே எரிந்ததில்லை. ஒன்றும் தெரியாமல் ஜெயித்தாள் என்றாவது நினைத்து ஆறியிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு ஜெயித்திருக்கிறாளே.

பத்து நாள் கழித்து, துணி வாங்கும் ஜன்னலில் நான் இருந்தபோது கல்லூரியிலிருந்து மூட்டை வந்தது. அவர்கள் மேலங்கி, மேஜைவிரிப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும். அடியில், காகிதத்தில் தனியாகச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டை. சீட்டில் துறைத்தலைவரின் கையெழுத்து. 'கறையின் வகை: ரத்தம். இடம்: நெஞ்சு. மிகவும் அவசரம், ரகசியம்.'

சட்டையை விரித்தேன். கறை நல்ல சௌக்கியமாக இருந்தது. பழைய கறைதான், ஆனாலும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நாலு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் என்னால் எடுக்க முடியும். எனக்கு மட்டும்தான் முடியும்.

சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, பையிலிருந்து தீர்மான நகலை எடுத்தேன். பேனாவை எடுத்து, ஓரம் விட்டு, நிதானமாக எழுதினேன்.

“கறை முழுமையாக நீங்கியது” (மேற்கோள் சரிபார்ப்புக் குழு, தீர்மானப் புத்தகம், பக்கம் 7, வரி 3). கறை இல்லாத துணியை இக்கூடம் பெற்றுக்கொள்வதில்லை.

திருப்பி அனுப்பும் துணிக்கு மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். கண்ணாடி அறைக்குள் போய் நீட்டினேன். மின்விசிறிக் காற்று ஜில்லென்று இருந்தது. சின்னவள் சீட்டைப் படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். சட்டையைப் பார்த்தாள். நாற்பத்தொரு மேற்கோள் போட்டவள், இந்த ஒரே ஒரு மேற்கோளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முற்றுப்புள்ளியைக்கூடச் சரியா அடைப்புக்குறிக்கு வெளிய வெச்சிருக்கீங்களேக்கா" என்றாள், மெதுவாக.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அது என்ன முகம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வருஷமாக அதைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.